லிங்கப்பனின் இரண்டு அட்டைகள்

ஊர் திரும்பியதும் செருப்பைக் கழற்றுவதற்கு முன் சட்டைப்பையைத்தான் தடவிப் பார்ப்பான் லிங்கப்பன். விமானத்தில் கிழித்துக் கொடுத்த போர்டிங் அட்டைத் துண்டு வியர்வையில் நனைந்திருந்தால், என் வாசல் கிரில்லில் துணிக்கிளிப் போட்டுக் காயவைப்பான்.

அக்ரஹாரத்தில் என் மாடியில் குடியிருக்கிறான். சொந்த ஊர் கொள்ளேகால். எங்கள் ஊர் ஹெப்பாளில் மெஷின் செய்யும் ஃபாக்டரியில் வேலை. விற்ற மெஷின் எந்த ஊரில் பழுதாகி நின்றாலும், சரிபார்க்க இவன் பெங்களூர் போய்ப் பறந்தாக வேண்டும். மாதத்தில் பாதி நாள் அவன் மனைவி காவேரி தனியாகத்தான் சாப்பிடுகிறாள்.

இரண்டு விமானக் கம்பெனி, இரண்டு அட்டை: ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. பறந்து வந்து அந்தத் துண்டைக் காட்டக் காட்ட அட்டையில் பாயிண்ட் ஏறும்.

"நீலத்துல சுருக்கா சேருமுங்க அத்தை. ஓசி டிக்கெட்டைப் பொண்டாட்டிக்கும் குடுக்கலாம். ஆனா மார்ச்சு தாண்டுனா அத்தனையும் அழிஞ்சிரும். தசரா, தீபாவளிக்கு சீட்டும் தரமாட்டாங்க. செவப்பு அழியாது. ஆனா நான் மட்டுந்தான் ஏறலாம்."

"உன்னைத்தான் கம்பெனியே ஏத்தி விடுதே. அப்புறம் செவப்பு எதுக்கு?"

"அந்த அட்டைக்கு ஏர்போர்ட்டுல சோபா ரூம் உண்டுங்க. காப்பியும் குடுப்பாங்க."

நீலக் கம்பெனிக்கு சோபாவும் கிடையாது, காபியும் கிடையாது. அதன் பாயிண்டுக்காகச் சிவப்பின் காலை விமானத்தை விட்டுவிட்டு நாலு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். "சும்னே, வீணா இடுப்பை ஒடிச்சுக்கிறியே" என்றால் சிரிப்பான்.

தொண்ணூற்றேழு மார்ச்சில் நீலத்துக்கு இன்னும் ஒரே ஒரு பயணம் குறைந்தது. அது சேர்ந்தால் காவேரிக்கு டெல்லி டிக்கெட். அவள் விமானத்தில் ஏறியதே இல்லை. தெரு முழுக்கச் சொல்லிவிட்டு ஸ்வெட்டரும் வாங்கிவிட்டாள். "ஏப்ரல் வெயில்ல ஸ்வெட்டரா?" என்று கேட்டதற்கு ஒரு நாள் என்னோடு பேசவில்லை.

மாதக் கடைசியில் பம்பாயில் ஒரு மெஷின் நின்றது. சனிக்கிழமை கிளம்பினால் திங்கள்தான் திரும்ப முடியும். ஞாயிறு கொள்ளேகாலில் அவன் அக்கா நாச்சம்மாளின் மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அக்காவுக்கு இவன் ஒரே தம்பி.

"பம்பாய்க்கு வேற ஆள் இல்லையா?" என்று கேட்டேன்.

"ஒருத்தன் இருக்கானுங்க. பாயிண்டு அவனுக்குப் போயிருமே."

"அப்போ புள்ளைய யார் மடியில வைக்கிறது? உன் அட்டை மடியிலயா?"

அவன் காவேரியைப் பார்த்தான்.

"என் மூஞ்சிய ஏன் பாக்கறீங்க? உங்க அக்கா, உங்க டிக்கெட்டு" என்று உள்ளே போய்விட்டாள்.

சனிக்கிழமை வேறு ஆள் பறந்தான்; காவேரியின் டெல்லி டிக்கெட்டும் அதோடு போயிற்று. ஞாயிறு காலை நாங்கள் மூவரும் கொள்ளேகால் பஸ் ஏறினோம். லிங்கப்பன் முதலில் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தான். இரண்டு நாளாக அவனிடம் ஒரு வார்த்தை பேசாத காவேரி பக்கத்தில் வந்து நின்றாள்.

"எந்திரிங்க."

எழுந்து வழிவிட்டான். அவள் உள்ளே போய், கண்ணாடியை முழுக்கத் தள்ளித் திறந்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பிறகு மாமன் சீர்த் தட்டைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள்.