தானாக ஆறிய புண்

லிஃப்ட் பழுது பார்ப்பது அவன் தொழில். இரும்புக் கம்பிவடத்தைத் தடவிப் பார்த்தே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். பேச்சு மட்டும் குறைவு. கூட வேலை செய்கிறவர்கள் ‘வாய்ப்பூட்டு’ என்று பெயர் வைத்திருந்தார்கள்; அப்படிக் கூப்பிட்டாலும் கோபப்படாமல் திரும்பிப் பார்ப்பான்.

மனைவிக்கு ஜெராக்ஸ் கடையில் வேலை. கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து உண்டானாள். மூன்றாம் மாதம் எல்லாருக்கும் எடுப்பதுபோல ரத்தம் எடுத்தார்கள். மறுவாரம் நர்ஸ் அவளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“உங்க ரத்தத்துல சிஃபிலிஸ்னு ஒரு நோய் இருக்கும்மா. ரெண்டு தடவை பார்த்தாச்சு. ஊசி போட்டா குணமாயிடும். விட்டுட்டா குழந்தைக்கும் போயிடும்.”

“எனக்கு உடம்புக்கு ஒண்ணுமே இல்லையே.”

“நிறைய பேருக்கு வெளியில ஒண்ணும் தெரியாது. வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க.”

சாயங்காலம் அவன் குழாயடியில் கிரீஸ் கையைக் கழுவிக்கொண்டிருக்கும்போது அவள் விஷயத்தைச் சொன்னாள். “எனக்கு உங்களைத் தவிர யாரும் கிடையாது. இது எங்கேருந்து வந்துச்சு?”

அவன் மறுபடியும் சோப்புப் போட்டான். போன வருடம் புதுக் கட்டிடம் ஒன்றுக்கு லிஃப்ட் பொருத்த வெளியூரில் மூன்று மாதம் இருந்தான். அங்கே ஒருத்தியோடு பழக்கம். ஊர் திரும்பியதும் மறைவிடத்தில் பருப்பளவு ஒரு புண். களிம்பு தடவினான். எல்லாவற்றையும் அவளிடம் சொன்னான்.

“வலிக்கவே இல்ல. தானா ஆறிடுச்சு. அதோட போச்சுன்னு நினைச்சேன்.”

அவள் சண்டை போடவில்லை. பாயை வேறு அறையில் விரித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் நிதானமாக விளக்கினார். “புண்ணுதான் ஆறுச்சு. கிருமி உள்ளேயே இருந்திருக்கு. வாரத்துக்கு ஒண்ணா மூணு ஊசி, ரெண்டு பேருக்கும். ஒரு வாரம்கூடத் தவறக் கூடாது. டாக்டர் சொல்ற வரைக்கும் ஒண்ணா இருக்காதீங்க. ஆணுறை ஒண்ணு போட்டிருந்தா பெரும்பாலும் இவ்வளவு தூரம் வந்திருக்காது. எச்.ஐ.வி.க்கும் பார்த்துடலாம்.” பிறகு அவனைப் பார்த்து, “அந்தப் பொண்ணுக்கும் சொல்லணும்,” என்றார்.

எச்.ஐ.வி. இருவருக்கும் இல்லை. ஆனால் அந்த வெளியூர்ப் பெண்ணுக்குப் போன் செய்ய அவனுக்கு நான்கு நாள் பிடித்தது. வேலை செய்த கட்டிடத்தின் மொட்டைமாடியில் லிஃப்ட் மோட்டார் அறைக்குள் நின்றுகொண்டு கூப்பிட்டான். திட்டு விழும் என்று காத்திருந்தான். அந்தப் பெண், “எங்க போய்ப் பார்க்கணும்?” என்று மட்டும் கேட்டாள்.

கணவனும் மனைவியும் மூன்று புதன்கிழமை ஒரே பஸ்ஸில் போனார்கள். முதல் இரண்டு வாரம் தனித்தனி சீட். மூன்றாவது வாரம் கூட்டம், பக்கத்தில் உட்காரவேண்டியதாயிற்று.

பெண் குழந்தை பிறந்தது. நோய் தொற்றவில்லை என்று உறுதியாகச் சொல்ல டாக்டருக்குச் சில மாதங்கள் ஆயின. அப்படி எழுதிய சீட்டைக் கையில் வாங்கிய அன்றுதான் அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதாள். அவன் குழந்தையை வாங்கிக்கொண்டான்.

“என்னை மன்னிச்சிட்டியா?” என்று ஒருமுறை கேட்டான்.

“அதை மட்டும் கேக்காதீங்க.”

குழந்தை நடக்கத் தொடங்கியபோது மறுபடியும் வெளியூர் வேலை வந்தது. அவன் வேண்டாம் என்று சொல்லப்போனான். அவள் தடுத்தாள்.

“போங்க. திரும்பி வந்ததும் டெஸ்டுக்கு ரத்தம் குடுத்துட்டு வீட்டுக்கு வாங்க. உடனே பார்த்தா சில சமயம் தெரியாதாம், மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவையும் குடுக்கணும்.”

போனான். வந்தான். பையைக்கூட இறக்காமல், பஸ் நிலையத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு நடந்தான்.