நாகலக்ஷ்மி கொடுத்த வாக்கு

மிஷன் ரிட்ஜ் கல்லூரியில் நாகலக்ஷ்மியைப் பிடிக்காதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர் புள்ளியியல் பேராசிரியை. மாணவன் எதிரே உட்கார்ந்து அழுதாலும் மதிப்பெண்ணை மாற்ற மாட்டார். சக ஆசிரியர் அசட்டுத்தனமாகப் பேசினால் நடுக்கூட்டத்திலேயே அதைச் சொல்லிவிடுவார். லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த கணவர் பிச்சுமணி, "வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை மூச்சு விட்டுக்கோயேன்" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தார்.

கல்லூரி ஹேவர்டுக்குப் பின்னால் மலைச்சரிவில் இருந்தது. சிறிய இடம். ஆனாலும் அதற்கு ஒரு ஃபுட்பால் அணி இருந்தது. ஹெல்மெட்டும் தோள் கவசமும் மாட்டிக்கொண்டு முட்டி மோதுகிற அமெரிக்க ஃபுட்பால். தொலைக்காட்சியில் வருகிற பெரிய பல்கலைக்கழக அணிகளைப் போல ஆட்டத்துக்காக உதவித்தொகையெல்லாம் இங்கே கிடையாது. சொந்தக் காசில் ஃபீஸ் கட்டிப் படித்துக்கொண்டே ஆடுகிற பையன்கள்.

1994 இலையுதிர்காலத்தில் ஆசிரியர் பேரவையில் நாகலக்ஷ்மி எழுந்து பேசினார். லைப்ரரியில் புத்தகம் வாங்க வழியில்லாத கல்லூரிக்கு இந்த விளையாட்டு எதற்கு என்று கேட்டார். பலத்த கைத்தட்டல். அடுத்த வாரமே கல்லூரித் தலைவர் கிரெய்க் ஹாலோவே அவரை அழைத்தார். எப்போதும் மென்மையாகப் பேசுகிற, யாரையும் கோபித்துக்கொள்ளாத மனிதர் அவர்.

"கான்ஃபரன்ஸ் கூட்டங்களுக்குப் போக ஓர் ஆசிரியப் பிரதிநிதி வேண்டும். நீங்கள் நேர்மையானவர் என்று எல்லோருக்கும் தெரியும்" என்றார்.

அன்று வீட்டில் பிச்சுமணி கேட்டார். "உன்னை எதுக்குக் கூப்பிடறான்னு யோசிச்சியா?"

"கணக்கு தெரிஞ்சவ வேணும்னு கூப்பிடறான்."

"கணக்கு தெரிஞ்சவா உங்க காலேஜ்ல வேற யாருமே இல்லையா?"

மறுநாள் நாகலக்ஷ்மி வேலையை ஏற்றுக்கொண்டார்.

கான்ஃபரன்ஸ் என்பது ஒருவரோடொருவர் விளையாட ஒப்புக்கொண்ட கல்லூரிகளின் கூட்டு. வட கலிஃபோர்னியாவில் இருந்த அந்தக் கூட்டு அப்போது செத்துக்கொண்டிருந்தது. ஆறு கல்லூரிகளில் இரண்டு ஃபுட்பாலை நிறுத்திவிட்டன. மிச்சம் நான்கு. இன்னும் ஒன்று போனால் மற்றவர்களுக்கு ஆடுவதற்கு ஆளே இருக்காது. ஆரெகனுக்கும் தெற்கு கலிஃபோர்னியாவுக்கும் பஸ்ஸில் போய் ஆட வேண்டும், அல்லது மூடிவிட வேண்டும்.

மிஷன் ரிட்ஜ் அணியின் கோச் ராய் டெலானி நாகலக்ஷ்மியைப் பார்த்தபோது நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"எங்களைக் கொல்ல அனுப்பப்பட்ட அம்மா நீங்கள்தானா?"

"கணக்குப் பார்க்க வந்திருக்கிறேன். அதில் நீங்கள் செத்தால் நான் பொறுப்பில்லை."

அந்த ஆண்டு முழுவதும் இருவரும் இந்தத் தொனியில்தான் பேசிக்கொண்டார்கள். ஆட்டத்தைப் பார்க்க வரும்படி டெலானி கூப்பிட்டதில்லை. நாகலக்ஷ்மி தாமாகவே ஒரு சனிக்கிழமை போனார். மைதானத்தில் என்ன நடக்கிறது என்று அவருக்குப் புரியவே இல்லை. பிடிக்கவும் இல்லை. ஆனால் கணக்குப் பிடிபட்டது. அணியில் இருந்த பையன்களில் பெரும்பாலோர் ஃபுட்பால் இருந்ததால்தான் இந்தக் கல்லூரிக்கு வந்தவர்கள். அணியை மூடினால் அவர்கள் கட்டும் ஃபீஸும் போய்விடும். லைப்ரரிக்கு ஒரு புத்தகம்கூடக் கூடுதலாக வராது.

தான் சொன்னது தப்பு என்பது அவருக்குக் கசந்தது. ஆனாலும் மறைக்கவில்லை. அடுத்த ஆண்டு பேரவையில் எழுந்து, "போன வருஷம் நான் சரியாகப் பார்க்காமல் பேசிவிட்டேன். ஃபுட்பாலை மூடினால் கல்லூரிக்கு நஷ்டம்தான்" என்றார். இந்த முறை யாரும் கைதட்டவில்லை. பாதிப் பேர் கவனிக்கவே இல்லை. போன வருஷப் பேச்சுத்தான் அவர்கள் மனதில் தங்கியிருந்தது.

பிறகு ஒரு திட்டம் போட்டார். மிச்சமிருக்கும் நான்கு கல்லூரிகளும் ஆரெகனில் தனித்து நின்ற இரண்டு கல்லூரிகளும் ஃபுட்பாலுக்கு மட்டும் ஒரு புதிய கூட்டு அமைக்கலாம். ஆனால் மூன்று ஆண்டுகளுக்கு யாரும் விலக மாட்டோம் என்று உறுதி சொல்ல வேண்டும். ஒருவர் கைவிட்டால் எல்லோரும் கவிழ்வார்கள்.

1995 டிசம்பரில் சாக்ரமென்டோவில் ஒரு ஹோட்டலில் கூட்டம். உள்ளே போகுமுன் லாபியிலிருந்து ஹாலோவேக்குப் போன் செய்தார்.

"கல்லூரியின் பெயரால் மூன்று ஆண்டு வாக்குக் கொடுக்கலாமா?"

"தாராளமாகக் கொடுங்கள். நான் உங்கள் பின்னால் நிற்கிறேன்."

நாகலக்ஷ்மி உள்ளே போய் வாக்குக் கொடுத்தார். வடக்கே மரம் அறுக்கும் ஊர் ஒன்றிலிருந்து வந்திருந்த வால்டர் பிரிக்ஸ் என்ற வயதான பேராசிரியர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எங்கள் நிர்வாகக் குழு தயங்கிக்கொண்டிருக்கிறது. உங்கள் வார்த்தையை வைத்துத்தான் அவர்களிடம் பேசப்போகிறேன்" என்றார்.

பிப்ரவரியில் ஒரு காலை, லிவர்மோரிலிருந்து 580 ஃப்ரீவேயில் நாகலக்ஷ்மி கல்லூரிக்கு டிரைவ் பண்ணிக்கொண்டிருந்தபோது, டப்ளின் மேட்டில் வண்டிகள் நகராமல் நின்றன. ரேடியோவில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. மிஷன் ரிட்ஜ் கல்லூரி ஃபுட்பாலை நிறுத்துகிறது. ஆசிரியர் பிரதிநிதியின் விரிவான ஆய்வுக்குப் பிறகு எடுக்கப்பட்ட முடிவு என்று தலைவர் அறிவித்திருக்கிறார்.

நேராக ஹாலோவேயின் அறைக்குப் போனார். செயலாளர் தடுத்ததைப் பொருட்படுத்தவில்லை.

"டிசம்பரில் என்னைப் பொய் சொல்ல அனுப்பினீர்களா?"

"உட்காருங்கள், நாகா."

"என் பெயர் நாகலக்ஷ்மி."

ஹாலோவே கதவைச் சாத்திவிட்டு வந்தார். "டிசம்பரில் விஷயம் வெளியே தெரிந்திருந்தால் அந்தப் பையன்கள் அடுத்த பருவத்துக்குப் பணம் கட்டியிருக்க மாட்டார்கள். மைதானம் இருக்கும் இடத்தில் பிசினஸ் ஸ்கூல் கட்ட நன்கொடையாளர் ஒருவர் வந்திருக்கிறார். ஒன்றரை வருஷத்துக்கு முன் நீங்கள் கேட்டதும் இதைத்தானே?"

"பிறகு அது தப்பு என்றும் சொன்னேன்."

"அது யார் நினைவிலும் இல்லை" என்றார் ஹாலோவே, அதே மென்மையான குரலில்.

அன்று மதியம் ஆசிரியர்கள் சாப்பிடும் அறையில் வரலாற்றுத் துறைக்காரர் ஒருவர் எழுந்து வந்து, "கடைசியில் சாதித்துவிட்டீர்கள்" என்று கை நீட்டினார். நாகலக்ஷ்மி அந்தக் கையைத் தொடவில்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியேறினார். வெறுப்பவர்களைவிட வாழ்த்துகிறவர்கள்தான் அவருக்குத் தாங்க முடியாதவர்களாக இருந்தார்கள்.

வெறுப்பவர்களுக்கும் குறைவில்லை. அலுவலறைக் கதவில் யாரோ சிவப்பு மையில் ஒரு கெட்ட வார்த்தை எழுதினார்கள். வகுப்பில் பின்வரிசைப் பையன்கள் அவர் பேசத் தொடங்கியதும் எழுந்து வெளியே போனார்கள். வால்டர் பிரிக்ஸ் போன் செய்தார். "என் வாழ்நாளில் ஒருவரை இவ்வளவு தப்பாக எடை போட்டதில்லை" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார். அவர்கள் அணியும் அந்தக் கோடையில் மூடப்பட்டது.

நாகலக்ஷ்மி யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை. நான் பொய் சொல்பவள் என்று நினைக்கிறவனிடம் போய் நான் ஏன் கெஞ்ச வேண்டும் என்பது அவர் எண்ணம்.

"சொல்லேன், என்ன நடந்ததுன்னு. வாயை மூடிண்டிருந்தா ஒத்துண்ட மாதிரி ஆகாதா?" என்றார் பிச்சுமணி.

"என்னைத் தெரிஞ்சவா என்கிட்ட கேக்கட்டும்."

ஹைஸ்கூலில் படித்த மகள் அதிதி சாப்பாட்டு மேஜையிலிருந்து தலையைத் தூக்காமல், "நோபடி இஸ் கோயிங் டு ஆஸ்க், அம்மா" என்றாள்.

கேட்க வந்தவர் ஒருவர்தான். மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லிவர்மோர் சிவா விஷ்ணு கோயிலின் பார்க்கிங்கில் நாகலக்ஷ்மி குடும்பத்தின் காரை வெங்கடாசலம் மறித்து நின்றார். ஈரோட்டுக்காரர். குபெர்டினோவில் இன்ஜினியர். அவர் மகன் கதிர்தான் மிஷன் ரிட்ஜ் அணியின் கிக்கர். இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்புவது அவன் வேலை. படிப்பு கெடும் என்று முதலில் எதிர்த்த வெங்கடாசலம், பிறகு ஒரு ஆட்டத்தையும் தவறவிட்டதில்லை.

"ஏனுங்க மேடம், நம்ம பையன் ஒருத்தன் அந்த டீம்ல இருக்கான்னு உங்களுக்குத் தெரியுமுங்களா, தெரியாதுங்களா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா செஞ்சீங்க? வெள்ளக்காரன் செஞ்சிருந்தாக்கூட மனசு ஆறிரும். உங்க வீட்டுல வந்து கையை நனைச்சிருக்கறோம்."

"நான் மூடச் சொல்லலை. பிரசிடென்ட் பொய் சொல்றார்."

"அதைய இப்ப சொல்றீங்களா? ஒரு மாசமாச்சுங்க. பேப்பர்ல உங்க பேர் போட்டு வந்தப்ப எங்க போனீங்க?"

அவர் மனைவி கலாவதி, "விடுங்க, கோயில்ல வந்து எதுக்கு" என்று கையைப் பிடித்து இழுத்தார். வெங்கடாசலம் உதறிவிட்டார். அதுவரை கார் மீது சாய்ந்து நின்றிருந்த கதிர் அருகே வந்தான். அவன் குரல் உயரவில்லை.

"ஆன்ட்டி, இஃப் யூ ஹாட் டோல்ட் அஸ் தட் வீக், வீ குட் ஹாவ் ஃபாட் இட். பேரன்ட்ஸ், அலம்னை, எவ்ரிபடி. நவ் ஹாஃப் த டீம் இஸ் கான்."

அந்த வாரமே சொல்லியிருந்தால் பெற்றோர், பழைய மாணவர்கள் எல்லோரும் சேர்ந்து போராடியிருக்கலாம்; இப்போது பாதி அணி போய்விட்டது. அவன் சொன்னது சரி. சாமி பார்க்காமலே வீட்டுக்குத் திரும்பினார்கள்.

மறுநாள் டெலானியைத் தேடிப் போனார். அவர் அட்டைப் பெட்டிகளில் வெற்றிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நாகலக்ஷ்மி நடந்ததை முழுவதும் சொன்னார். பேரவையில் தான் பேசும்போது கூட நிற்க முடியுமா என்று கேட்டார்.

"உங்களை நம்புகிறேன். அந்த ஆளை எனக்குத் தெரியும். ஆனால் கூட நிற்க மாட்டேன்."

"ஏன்?"

"முதன்முதலில் கல்லை எடுத்துக் கொடுத்தது நீங்கள்தான். அவன் எறிந்தான்."

பேரவையில் நாகலக்ஷ்மி தனியாகத்தான் பேசினார். வருத்தம் தோய்ந்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்த ஹாலோவே, "தொலைபேசியில் ஏதோ தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்" என்றார். அத்தோடு அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள். ஃபுட்பால் ஒழிந்ததில் ஆசிரியர்களுக்கு வருத்தம் இருந்தால்தானே.

அன்றிலிருந்து நாகலக்ஷ்மி ஹாலோவேக்கு எதிரியானார். மறைவாக இல்லை, எல்லோரும் பார்க்க. பிரதிநிதி வேலையை உதறினார். பட்ஜெட் குழுவுக்குத் தேர்தலில் நின்று வென்றார். ஹாலோவே கொண்டுவந்த ஒவ்வொரு யோசனைக்கும் கேள்வி கேட்டார். கூட்டங்கள் நீண்டன. அவர் எழுந்தாலே பெருமூச்சு விட்டார்கள். பதவி உயர்வு ஒருமுறை தள்ளிப்போனது. ஒன்றுக்கொன்று தூரமான மூன்று கட்டடங்களில் அவருக்கு வகுப்புப் போட்டார்கள். பிச்சுமணி, "குபெர்டினோல எத்தனை கம்பெனி இருக்கு, அப்ளை பண்ணேன். எதுக்கு இந்தச் சண்டை?" என்றார்.

"அவன் போறவரைக்கும் நான் போகமாட்டேன்."

1998இல் ஹாலோவே இசைத் துறையையும் ஜெர்மன் துறையையும் மூடப்போவதாக அறிவித்தார். இதற்கும் ஓர் ஆசிரியர் குழுவின் ஆய்வுதான் காரணம் என்றார். அந்தக் குழுவிலிருந்த இசைப் பேராசிரியை வெளுத்த முகத்தோடு நாகலக்ஷ்மியின் அறைக்கு வந்தார். "நாங்கள் அப்படி எதுவும் சொல்லவே இல்லை."

"தெரியும். ஃபுட்பால் போனபோது நீங்கள் எனக்குப் பூங்கொத்து அனுப்பினீர்கள். அதுவும் நினைவிருக்கிறது. உட்காருங்கள்."

ஒவ்வொரு துறையாகப் போய் ஆதரவு திரட்டினார். யாரிடமும் இனிமையாகப் பேசவில்லை. 1999 வசந்தத்தில் தலைவர் மீது நம்பிக்கையில்லை என்ற தீர்மானம் பெரும்பான்மையோடு நிறைவேறியது. சில மாதங்களில் ஹாலோவே ராஜினாமா செய்தார். ஆனால் வீழ்ந்துவிடவில்லை. கிழக்கே இதைவிடப் பெரிய கல்லூரிக்குத் தலைவராகப் போனார். வழியனுப்பு விருந்தில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டியதாகக் கேள்வி. நாகலக்ஷ்மி போகவில்லை.

இசைத் துறை தப்பியது. ஃபுட்பால் திரும்பி வரவில்லை. மைதானம் இருந்த இடத்தில் அதற்குள் கண்ணாடிக் கட்டடம் எழுந்துவிட்டது. ஆட ஆள் இல்லாமல் கான்ஃபரன்ஸில் எஞ்சியிருந்த அணிகளும் கலைந்துவிட்டன. கதிர் டெக்ஸாஸில் ஒரு சிறு கல்லூரிக்கு மாறி, ஒரு சீசன் ஆடி, அங்கேயே வேலையில் சேர்ந்தான். கோயிலில் வெங்கடாசலம் எதிரே வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். கலாவதி மட்டும் லேசாகத் தலையசைப்பார்.

தீர்மானம் நிறைவேறிய அன்று மாலை நாகலக்ஷ்மி டெலானிக்குப் போன் செய்தார். டெலானி அப்போது ட்ரேசியில் ஒரு ஹைஸ்கூலில் உடற்பயிற்சி வாத்தியாராக இருந்தார்.

"ஹாலோவேயைத் தோற்கடித்துவிட்டோம்" என்றார் நாகலக்ஷ்மி.

எதிர்முனையில் டிவி ஓடும் சத்தம் கேட்டது.

"யாருக்காக?" என்று கேட்டார் டெலானி.

நாகலக்ஷ்மி யோசித்தார். "எனக்காக" என்றார்.

"அப்படியென்றால் சந்தோஷமாக இருங்கள்" என்று சொல்லி டெலானி போனை வைத்துவிட்டார். அதன்பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. நாகலக்ஷ்மி 2001 வரை அங்கேயே பாடம் நடத்தினார். ஒரு மாணவனுக்கும் மதிப்பெண்ணை மாற்றிப் போடவில்லை.