பச்சைத் தண்ணீருக்குக் கெஞ்சியவள்

முட்டி வீங்கிக் கொதிக்கிறதென்று டாக்டரிடம் போனால், ஐஸ் வைக்கச் சொல்லிவிட்டார். மகள் ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி முழங்காலில் வைத்தாள். ஐந்து நிமிஷத்தில் கொதிப்பு அடங்கியது பாருங்கள், சுகமாயிருக்க வேண்டியதுதானே? எனக்கு அழுகை வந்தது. வலிக்கிறதா அப்பா என்றாள். ஆமாம் என்று பொய் சொன்னேன்.

இவள் பிறந்த வாரமே, ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், இவள் அம்மா அருளாயிக்கு விரல் கணுவெல்லாம் வீங்கிப்போயிற்று. துரைமார் காலம். கொழுந்து கிள்ளுவதில் அவளை முந்த ஆள் கிடையாது. அப்படிப்பட்டவளால் பெற்ற பிள்ளையைத் தூக்க முடியவில்லை. யாராவது எடுத்து மடியில் போட்டால்தான் பால் கொடுப்பாள். பிள்ளை பாயில் கிடந்து அழும். எடுக்க மாட்டாமல் அவளும் பக்கத்தில் உட்கார்ந்து அழுவாள்.

தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்தில் பத்து வீடு, பத்து வீட்டிலும் வைத்தியர்கள். ஆனால் ஒரு விஷயத்தில் எல்லாரும் ஒன்று: பிள்ளை பெற்ற பச்சை உடம்பில் மலைக்குளிர் ஏறிவிட்டது, சூடு கொடுத்து இறக்க வேண்டும். பிரசவம் பார்த்த ஞானம்மா உப்பை வறுத்து ஒத்தடம் கொடுத்தாள். கம்பம் சந்தைக்குப் போனவர்கள் நொச்சித் தழை கொண்டுவந்தார்கள். அந்த நொச்சி வாடை இருக்கிறதே, இன்றைக்கும் எங்காவது அடித்தால் நான் வேறு தெருவில் நுழைந்துவிடுவேன். நான் மட்டும் சும்மா இருப்பேனா? ஃபாக்டரியில் தேயிலை உலர்த்தும் டிரையரில் எனக்கு வேலை. சாக்கை அதன்மேல் போட்டுச் சூடேற்றி, கம்பளிக்குள் பொத்திக்கொண்டு, ஆறுவதற்குள் லயத்துக்கு ஓடுவேன். உலகத்தில் இல்லாத வைத்தியத்தைக் கண்டுபிடித்துவிட்ட மிதப்பு, மடப்பயலுக்கு.

"சூடு வச்சா இன்னும் எரியுதுங்க. ஓடையில செத்த நேரம் கைய வைக்கட்டா?" என்று தினமும் கெஞ்சுவாள். பச்சை உடம்புக்காரி பச்சைத் தண்ணீரில் கை வைத்தால் ஜன்னி கண்டுவிடும் என்பார்கள். அப்படிப் போன ஒருத்திக்கு நானே குழி வெட்டியிருக்கிறேன். எப்படிச் சம்மதிப்பேன், சொல்லுங்கள்.

ஒருநாள் காலை சாக்கோடு ஓடிவந்தால், பிள்ளையை மார்போடு அணைத்தபடி நிற்கிறாள். முழங்கை வரை ஈரம். லயத்துக்குப் பின்னால் ஓடும் ஓடையில் வெகுநேரம் கையை முக்கி வைத்திருந்திருக்கிறாள்.

"நானே எடுத்துட்டேன், பாருங்க" என்று சிரித்தாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. "சாகணும்னே திரியுதியாட்டி?" என்று கத்தி, பிள்ளையைப் பிடுங்கிப் பாயில் கிடத்திவிட்டு, அவள் இரண்டு கையையும் சூட்டுச் சாக்குக்குள் திணித்தேன். அதோடு விட்டேனா? பின்கதவைக் கயிற்றால் கட்டினேன், ஞானம்மாவைக் காவல் வைத்தேன். அதற்கப்புறம் அவள் தண்ணீர் கேட்கவில்லை.

ஜன்னி வரவில்லை. விரல்கள் மடங்கி அப்படியே நின்றுவிட்டன. ஓடையில் விட்டிருந்தால் நேராகியிருக்குமா என்று, என் முட்டிக்காக அடுத்த முறை போனபோது டாக்டரைக் கேட்டேன். நேராகியிருக்காது, அப்போது அதற்கு மருந்தே கிடையாது, வலி கொஞ்சம் அடங்கியிருக்கும், அவ்வளவுதான் என்றார். அந்தக் கொஞ்சத்துக்குத்தானே அவள் கெஞ்சினாள்.

லயத்தை இடித்துவிட்டார்கள். ஓடையைக் குழாய்க்குள் அடைத்துவிட்டார்கள். ஞானம்மா இல்லை, அருளாயி போயும் இருபது வருஷமாகிறது. அம்மா தன்னை ஒருநாளும் தூக்கியதில்லை என்றே மகள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். இல்லையம்மா, ஒரு தடவை தூக்கினாள் என்று சொல்ல வாயெடுப்பேன். சொன்னால், பிடுங்கியது யாரென்றும் சொல்ல வேண்டும்.