குமரவேல் குடித்ததில்லை

பாகூர் கடைத்தெரு வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுவில்தான் செய்தி வந்தது. “உரக்கடை குமரவேல் போயிட்டாருபா. கடைசில தண்ணிதான் கொன்னுது.” கீழே வரிசையாகக் கைகூப்பியிருந்தார்கள். இரண்டாவது வரி பொய் என்று தெரிந்தும் நானும் கூப்பினேன்.

அவருக்கு எதிர்க்கடை என்னுடையது. நாற்பது வயதுக்கு மேல் அவருடைய நடை தள்ளாடத் தொடங்கியது. பிறகு பேச்சு குழறியது. தெருவுக்கு நான்கு சாராயக்கடை இருக்கிற ஊரில் வேறென்ன நினைப்பார்கள்? செலியமேட்டு விவசாயிகள், “இன்னா, காலைலயே ஏத்திக்கினியா?” என்று சிரித்தபடி யூரியா மூட்டை வாங்கிப் போவார்கள். இதைப் படிக்கும் பாகூர்க்காரர்களே, உங்களில் சிலரும் சிரித்தவர்கள்தான். நான் ஒருபடி மேலே போய், பக்கத்தில் உட்கார்ந்து முகர்ந்தே பார்த்தேன். கவனித்துவிட்டார். “நல்லா மோந்து பாருபா, பூச்சிமருந்து வாசனைதான் வரும்” என்றார். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பரம்பரையாக வரும் நரம்பு நோய், சிறுமூளையின் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும், குணப்படுத்த மருந்தில்லை என்றார்கள் மருத்துவர்கள். ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் அவருடைய கையிலிருந்து துளி தோல் கேட்டார்கள். அதை ஸ்டெம் செல்லாக மாற்றி, அதிலிருந்து மூளைச் செல்களை வளர்த்து, நோய் எப்படித் தொடங்குகிறது என்று பார்ப்பார்களாம். புது மருந்துகளை அவற்றின்மேல் சோதிப்பார்களாம். “உங்களுக்குப் பலன் இருக்காது” என்று நேர்மையாகவே சொன்னார்கள். கொடுத்தார். பிறகு ஒருமுறை நானும் கூடப் போனேன். நுண்ணோக்கியில் தன் செல்களைக் குனிந்து பார்த்தவர், “இதுங்களுக்கு மருந்து ஊத்துறீங்க, எனக்கு மட்டும் கஞ்சியா?” என்றார். ஆய்வுக்கூடப் பெண் நுண்ணோக்கியைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டாள். அவரே சிரித்துச் சமாளித்தார்.

திரும்பும்போது, ஊரில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். “வாயத் தொறக்காதபா. குடிகாரன் பொண்ணக் கட்டிப்பானுங்க. பரம்பரை நோய்க்காரன் பொண்ண எவன் கட்டுவான்? நான் குடிகாரனாவே இருந்துட்டுப் போறேன்.” மகள் சுகந்திக்கு மட்டும் சொல்லியிருந்தார். அவளுக்குக் கரிக்கலாம்பாக்கத்தில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். அவருடைய கணக்கு தப்பு என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

பதினாறாம் நாள் படையலில், அவருக்குப் பிடித்ததென்று அவருடைய மைத்துனர் இலையோரம் ஒரு குவார்ட்டர் பாட்டிலை வைத்தார். ஒருவரும் தடுக்கவில்லை. சுகந்தி எழுந்து அதை எடுத்துப்போய் வாசலில் கவிழ்த்தாள். “எங்கப்பா ஒரு சொட்டு குடிச்சதில்ல. அது வியாதி. தாத்தாவுக்கு இருந்துச்சு, அப்பாவுக்கு வந்துச்சு, நாளைக்கு எனக்கும் வரலாம்.” மாப்பிள்ளை வீட்டார் சாப்பிடாமல் கிளம்பிப் போனார்கள்.

பந்தி முடிந்ததும் என்னிடம் வந்தாள். “மாமா, உங்களுக்குத் தெரியும்ல? தெரிஞ்சும் உக்காந்துனு இருந்தீங்களே?”

குமரவேலின் செல்கள் அந்தக் கூடத்தில் இன்னும் வளர்கின்றனவாம். யாருக்காவது ஒருநாள் உதவட்டும். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவர் மகளின் கேள்விதான். இதையெல்லாம் எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன்.

“இப்பவாவது எழுதுங்க” என்றாள்.