பால் டின்னின் மூலையில் ஒரு பெயர்

மலேசியாவின் சுங்கை பட்டாணியில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுபவர் அவர். வேலைக்கு நடுவே தூரிகையைக் காதில் செருகிக்கொள்ளும் பழக்கம். அதனால் காது மடல் எப்போதும் சிவந்தே இருக்கும். எழுபதுகளின் கடைசியில், தமிழ்ச் சங்கம் நடத்திய ஓவியக் கண்காட்சிக்கு என் மாணவர்களின் படங்களை மாட்டப் போனபோது அவரைப் பார்த்தேன்.

கோப்பிக்கடைச் சுவர்களில் அவர் வருடக்கணக்காக எழுதிவந்த பால் டின் கம்பெனியின் சின்னத்தைப் பன்னிரண்டு தாள்களில், பன்னிரண்டு நிறங்களில் ஸ்கிரீன் பிரிண்ட் போட்டிருந்தார். படங்களுக்கு மரச்சட்டம் கிடையாது. வீட்டுக்கு வாங்கிப் போகிறவர்களுக்குக் காலிப் பால் டின்னில் கோப்பி ஊற்றிக் கயிறு கட்டித் தருவார்களே, அதே கயிற்றில் ஒவ்வொன்றையும் தொங்கவிட்டிருந்தார்.

சங்கச் செயலாளர் முகம் சுளித்தார். "என்னண்ணே, விளம்பரத்தையெல்லாம் இங்க மாட்டக் கூடாதுலா. கழட்டுங்க."

அவர் அசையவில்லை. "விளம்பரம்னா கம்பெனிக்காரன் என் பேரப் போட விடமாட்டான் தம்பி. இருபது வருசமா ஒரு செவுத்துலகூடப் போட்டதில்ல. இதுல கீழ பாருங்க."

செயலாளர் குனிந்தார். பிறகு அடுத்த தாளுக்கும் குனிந்தார். பன்னிரண்டின் மூலையிலும் அந்தப் பெயர், சின்னத்தைவிடப் பளிச்சென்று இருந்தது.

நிமிர்ந்தவர், "நடுச் செவுத்துக்கு மாத்துங்கண்ணே" என்றார்.

மாற்றியதும் பெயர்ப்பலகைக்காரர் பத்தடி பின்னால் போய், ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். "இப்பதான் எழுத்து எடுப்பா இருக்கு."

இன்றும் கடையில் அந்தப் பால் டின்னை எடுத்தால், முதலில் மூலையைத்தான் பார்க்கிறேன். கம்பெனி இன்னும் அவர் பெயரைப் போடவில்லை.