இறால் ஓட்டில் செய்த நாற்றுப் பை

நைனாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் இழுத்துக்கொண்ட பிறகு கடலுக்குப் போவது நின்றுபோனது. நெட்டுக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அம்மா மீன் விற்கப் போய்விடுவார். நான் ரயில் பிடித்துப் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பிவிடுவேன். "சாப்டியா நைனா?" என்பதற்கு மேல் அவரிடம் கேட்க எனக்கு அப்போது எதுவும் இருக்கவில்லை.

என் ஆராய்ச்சி இறால் ஓட்டைப் பற்றியது. ஓட்டை அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பைப் பிரித்து, இன்னும் சில பக்குவங்கள் செய்தால், மெல்லிய தாள்போல ஒன்றை வார்த்தெடுக்கலாம். அதில் நாற்றுப் பை செய்யவேண்டும். கறுப்பு பிளாஸ்டிக் பையைக் கிழித்து வயலோரம் எறிய வேண்டியதில்லை. பையோடு நட்டால் மண்ணிலேயே மக்கிவிடும்.

இறால் உரிக்கும் கொட்டகையிலிருந்து அம்மா ஒரு பக்கெட் ஓடு கொண்டுவருவார். அதை அலசிக் காயவைக்க ஆள் வேண்டியிருந்தது.

"மாடில காயப்போட்டு நான் பாத்துக்கறேன். நீ போய் படி" என்றார் நைனா.

ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார். மருத்துவமனையில் சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்யச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்பவர், ஓட்டைப் புரட்டிப்போட மட்டும் வலது கையையே நீட்டினார். காக்கைகளைத் திட்டும் குரல் தெருமுனை வரை கேட்கும்.

மீன்பிடித் தடைக்காலம் வந்தது. இறால் வரத்து குறைந்தது. ஆனாலும் நைனா காயவைத்துக் கட்டிக்கொடுக்கும் ஓட்டுப் பையின் கனம் குறையவில்லை. நான் யோசிக்கவில்லை. ஆய்வகத்தில் அமிலத்தை ஊற்றியதும் எப்போதும் இல்லாத அளவுக்கு நுரை பொங்கி மேசையெல்லாம் வழிந்தது. கிடைத்த தாள் அப்பளம்போல நொறுங்கியது. மிச்சமிருந்த ஓட்டைக் கிளறிப் பார்த்தேன். நண்டு ஓடு. அதில் சுண்ணாம்பு அதிகம்.

வீட்டுக்கு வந்ததும் கத்தினேன்.

"இன்னா நைனா கலந்த?"

"நண்டு ஓடுதான். அதுவும் ஓடுதானேன்னு…"

"நண்டு ஓட்ல சுண்ணாம்பு ஜாஸ்தி. தெரியாததுல எதுக்குக் கைய வைக்கிற?"

அவர் வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் என்ன சொல்லிவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

காலையில் அம்மா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார். "பொண்ணு கொறச்சலா எட்துகினு போனா டீச்சர் திட்டுவாங்களாம். அந்தக் கால வச்சிகினு ஒங்க நைனா ஆட்டோ புட்ச்சி காசிமேடு போயி, நண்டு களுவறவங்ககிட்ட கேட்டு வாங்கினு வந்துச்சு."

அன்று நான் ரயிலுக்குப் போகவில்லை. மாடியில் நைனா, கலந்துகிடந்த ஓட்டைப் பொறுக்கிப் பிரித்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்தேன்.

"நான் சொன்னது தப்பு நைனா."

"வுடு. எதுல சுண்ணாம்பு ஜாஸ்தின்னு மொதல்லயே சொல்லியிருந்தா நான் கலந்திருப்பனா?"

உண்மைதான். எந்தப் பேராசிரியருக்கும் விளக்கத் தெரிந்த எனக்கு, இவருக்கு விளக்கவேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அன்று எல்லாவற்றையும் சொன்னேன். வெயில் ஏறும்வரை கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார்.

தடைக்காலம் முடிந்து, புதிய ஓட்டில் செய்த பைகளை நாற்றோடு பொன்னேரிப் பக்கம் ஒரு விவசாயியின் கத்தரி வயலில் நட்டோம். சில பைகள் தண்ணீர் ஊற்றியதுமே கிழிந்துபோயின. மற்றவை நின்றன. சில வாரம் கழித்துப் பார்க்கப் போனபோது நைனாவையும் அழைத்துப்போனேன். விவசாயி ஒரு செடியை மண்ணோடு பெயர்த்துக் காட்டினார். வெள்ளை வேர்கள் நாலாபக்கமும் ஓடியிருந்தன.

"பை எங்க?" என்றார் நைனா.

"மண்ணு தின்னுட்டுதுங்க."

நைனா வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது. பிறகு இருவரும் வரப்பில் உட்கார்ந்து காற்று, மழை, உப்புத் தண்ணீர் என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் தனியாக இலைகளை அளந்து குறித்துக்கொண்டேன்.

திரும்பும் ரயிலில், "நல்ல மன்சன்" என்றார். "அவனும் நம்மள மாரியே வானத்த பாத்துகினுதான் கீறான்."