பாராசூட் இல்லாத சிக்கன ராக்கெட்

ஊரப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பைக் கட்டிய பில்டர், செலவைக் குறைக்கும் ஆர்வத்தில் மழைநீர் வடிகாலை மட்டும் மறந்துவிட்டார். ஒரு மழைக்கே பார்க்கிங் குளமாகிவிடும். போன ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் கூட்டத்தில் எழுந்து நின்று அவரைக் கிழித்தேன்.

"மிச்சம் பிடிக்கத் தெரிஞ்ச உங்களுக்கு, உள்ள குடியிருக்கப்போறவன் ஞாபகம் வரலையா சார்?"

கைதட்டல்கூடக் கிடைத்தது.

அந்த வீரம் ஆறுவதற்குள் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் ராக்கெட் விளையாட்டைத் திறந்தேன். குறைந்த செலவில் நிலாவுக்குப் போய்த் திரும்ப வேண்டும். எடை குறைந்தால் எரிபொருள் குறையும், செலவும் குறையும். நான்தான் பெரிய விஞ்ஞானி ஆயிற்றே, ஏணியைக் கழற்றினேன், விளக்குகளைக் கழற்றினேன். பாராசூட்டையும் கழற்றியதும் பட்ஜெட் கச்சிதமாக அடங்கியது. ராக்கெட் நிலாவைத் தொட்டுவிட்டு அழகாகத் திரும்பியது. பூமிதான் கொஞ்சம் வேகமாக நெருங்கியது.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி திரையை எட்டிப் பார்த்தாள்.

"உள்ள ஆள் இருக்கானா?"

"இருக்கான்."

"எப்படிங்க இறங்குவான்?"

நான் யோசிப்பதற்குள் அவன் இறங்கிவிட்டான். திரை முழுக்கப் புகை.

"அடுத்த கூட்டத்துல நீங்க பில்டர் பக்கத்துலயே உக்காந்துக்கோங்க" என்றாள்.